எதிர்க் கடையில் நின்று குடித்த டீ

மே 12

நூல் கடையில் பொங்கலுக்குத் தந்த டைரி இத்தனை நாள் பீரோ மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். வெளியில் சொல்ல முடியாததை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

முத்தையா மாஸ்டர் கடையை மூடுகிறார். இந்த மாதத்தோடு சரி. கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறாராம். தென்காசியில் ஜாக்கெட் என்றால் மாஸ்டர் கடைதான் என்று பெயர். ஆனால் மாஸ்டர் மிஷினில் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிறது. அளவு எடுப்பதும் வெட்டுவதும் சண்முகத்தாய். தைப்பதும் கை வேலையும் நான். அந்தக் கடை நாங்கள் இருவரும்தான்.

ஆனால் வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "தாயி இருக்காளா?" என்றுதான் கேட்பார்கள். ஒருத்தியாவது "உலகு இருக்காளா?" என்று கேட்டதில்லை. உலகம்மாள் என்று ஒருத்தி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் உடம்பில் இருப்பது என் தையல். வாயில் இருப்பது அவள் பெயர்.

அவள் வேலையும் அப்படி ஒன்றும் வேகம் கிடையாது. மாஸ்டர் கடையில் அளவைச் சத்தமாகச் சொல்வதுதான் வழக்கம். ஒருவர் டேப் பிடித்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். இவள் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு பிறகு வந்து தானே எழுதுவாள். மாஸ்டர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

இன்று சாயங்காலம் அவளே ஆரம்பித்தாள். "ஏட்டி உலகு, நாம ரெண்டு பேரும் சேந்தே ஒரு கடை போட்டுருவோமா? நாளைக்கே எடம் பாக்க ஆரம்பிப்போம்."

சரி என்றேன். அந்தக் கடைக்கும் தாயி கடை என்றுதான் பெயர் விழும் என்று அப்போதே மனதில் ஓடியது.

மே 19

இட்லிக்கு ஆட்டி வைத்துவிட்டு இடம் பார்க்கப் போனோம்.

முதலில் அவள் கூட்டிப்போன இடம். பெரிய கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. இரண்டு பக்கமும் சுவர் நெருக்கும் படிக்கட்டு. ரோட்டில் போகிறவனுக்கு அங்கே ஒரு மாடி இருப்பதே தெரியாது. மேலே ஒரு கூடம், உள்ளே ஒரு சின்ன அறை. வெளிச்சம் நன்றாக இருந்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

தாயி உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "நான் உள்ள என்ன பேசுனேன்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலையே."

"அப்ப சரி" என்றாள். முகம் மலர்ந்தது. கடை பிடிக்க வந்தோமா, கண்ணாமூச்சி ஆட வந்தோமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு நான் சொன்ன இடத்துக்குப் போனோம். குற்றாலம் ரோட்டில் மைதீன் பாய் புதிதாகக் கட்டிய கடை. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே கால் வைத்ததும் எனக்கு மனது பறிபோய்விட்டது. சாரல் தொடங்கினால் குற்றாலம் போகிற அத்தனை வண்டியும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் மிஷின் முன் நான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். யார் தைக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

தாயி கடையைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி?" என்றேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

மே 26

கையும் களவுமாகப் பார்த்துவிட்டேன்.

மேலகரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மைதீன் பாய் கடைக்கு எதிரே, சொரிமுத்து டீக்கடையில், ஆம்பளைகளுக்கு நடுவில் நின்று இவள் டீ குடிக்கிறாள். பக்கத்தில் மைதீன் பாய். இவள் கையை நீட்டி அந்தக் கடையைக் காட்டி என்னவோ பேசுகிறாள், பாய் தலையாட்டுகிறார்.

பிடிக்காத மாதிரி என்னிடம் நடித்துவிட்டு, பின்னாலேயே போய்ப் பேரம் பேசுகிறாள். பஸ்ஸில் இருந்த இடமே எனக்குச் சுட்டது. யோசித்துச் சொல்கிறாளாம்!

சாப்பாடு இறங்கவில்லை.

மே 27

பாய் வீட்டுக்குக் காலையிலேயே போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அந்தம்மாவும் நேத்து..." என்று இழுத்தார். "எனக்கு எல்லாம் தெரியும் பாய்" என்றேன்.

ஜூன் 3

தாயி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அந்தக் கடையா? ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா? அதுக்கு எதுத்தாப்புல..."

"எதுத்தாப்புல என்ன இருந்தா ஒனக்கென்ன? நான் தனியாத்தான் போடப் போறேன். நீ ஒன் மாடிக்கே போ."

அவள் முகம் சின்னதாகிப் போனது. எனக்கு உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது. முதல் முறையாக அவளை முந்திவிட்டேன் அல்லவா.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ஒங்க ரெண்டு பேருக்கும் என்னளா சண்டை?" என்றார். சண்டை எதுவும் இல்லை என்றேன்.

ஜூன் 20

கடை திறந்தாயிற்று. 'உலகம்மாள் லேடீஸ் டெய்லர்ஸ்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு. அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரிகிறது. கூட இருக்க நாத்தனார் இசக்கியம்மாளை வரச் சொல்லியிருக்கிறேன். அளவு எடுக்கப் பழகிக்கொள்வாள். மாஸ்டர் கடை மாதிரியே நான் சத்தமாகச் சொல்வேன், அவள் எழுதுவாள்.

தாயி வந்தாள். ஒரு குத்துவிளக்கு வாங்கி வந்தாள். அதிலும் என்ன கனம்! என் நாத்தனார் வாங்கி வந்ததைவிட ஒரு சாண் உயரம். எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றுதானே. அதைப் பின்னால் துணி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

ஜூலை 1

சாரல் நன்றாக விழுகிறது. ரோடு முழுக்க வேன், கார், பஸ். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் தேரோட்டம் பார்ப்பது போல இருக்கிறது.

எதிரே சொரிமுத்து டீக்கடையில் எப்போதும் கூட்டம். அருவிக்குப் போகிற ஆம்பளைகள் இங்கேயே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு பஜ்ஜி தின்கிறார்கள். அவர்களில் சிலர் என் கடைக்கும் வருகிறார்கள். "அக்கா, துண்டு இருக்கா?" "ஷாம்பு இருக்கா?" ஒருவன் எண்ணெய்க் கையை என் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு, "சட்டைக்குப் பட்டன் வச்சுத் தருவீங்களா?" என்றான். வைத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைக்கத்தான் நேரம் பிடித்தது.

ஜாக்கெட் தைக்க வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் மட்டும். அவர்களும் அளவு ஜாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு, நின்று பேசாமல் ஓடுகிறார்கள். உட்காருங்கள் என்றால் அடுப்பில் பால் என்கிறார்கள். எல்லார் வீட்டிலும் எப்போதும் பால்தான்.

ஜூலை 9

தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கண்ணாடி ஓரமாக வரிசையாகத் தொங்கவிட்டேன். என் கை வேலையை நாலு பேர் பார்க்கட்டுமே என்று.

சாயங்காலம் தாலுகா ஆபீஸ் கஸ்தூரி மூச்சு வாங்க வந்தாள். "என் ஜாக்கெட்டை எதுக்குங்க ரோட்டைப் பாத்துத் தொங்கவிட்டிருக்கீய? எங்க வீட்டுக்காரரு எதுத்தாப்புல டீ குடிக்கும்போது பாத்துட்டு வந்து சத்தம் போடுதாரு" என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

சேலையோடு ஊரெல்லாம் போட்டுக்கொண்டு சுற்றலாமாம், தொங்கவிட்டால் மட்டும் மானம் போகிறதாம். என்ன பெண்களோ.

ஜூலை 15

ஜெசிந்தா டீச்சர் வந்தார். மாஸ்டர் கடையில் எங்களுக்கு இருந்ததிலேயே நல்ல வாடிக்கை அவர்தான். தை மாதம் திருநெல்வேலியில் ஏதோ ஆபரேஷன் செய்துகொண்டு, லீவில் இருந்துவிட்டு இப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். ரொம்ப இளைத்துவிட்டார். தோளில் சால்வை.

வாசல் வரைக்கும் வந்தார். கையில் துணிப் பை. உள்ளே பார்த்தார், திரும்பி டீக்கடையைப் பார்த்தார்.

"வாங்க டீச்சர், பழைய அளவு ஒங்களுக்குச் சேராது. நிமிசத்துல புதுசா எடுத்துருவேன்" என்று கூப்பிட்டேன்.

"இருக்கட்டும் உலகு, பெறகு வாரேன்" என்றார். சால்வையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. தாயி இல்லாத கடை அவருக்குக் கடையாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2

ஆடியில் யார் தைப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இசக்கி பகலெல்லாம் தூங்கி விழுகிறாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதை வேனில் போகிற பிள்ளைகள் எல்லாம் பார்த்துச் சிரிக்கின்றன.

ஆகஸ்ட் 25

தாயி மாடியில் கடை திறந்துவிட்டாள். ஆவணி முகூர்த்தம். நேரில் வந்து தாம்பூலத்தட்டு வைத்துக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. வீட்டுக்காரரைப் பூ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பி வந்தவர், "சின்னக் கடைதான். போர்டுகூட வைக்கலை. ஆனா பொம்பளைக கூட்டம்ளா, நான் படியிலயே நின்னு பூவைக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

பூவை மட்டும் சொல்லியிருக்கலாம். கூட்டத்தை யார் கேட்டது?

செப்டம்பர் 4

கறிவேப்பிலை வாங்க பெரிய கோயில் பக்கம் போனேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே கறிவேப்பிலை கிடைக்கும். அங்கே கொஞ்சம் தளிராக இருக்கும், அதற்காகத்தான்.

போகிற வழியில் அந்தச் சந்து. படிக்கட்டின் அடியில் செருப்புகள் கிடந்தன. மாஸ்டர் கடை வாசலில் அத்தனை வருடம் பார்த்த செருப்புகள். எது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? தையல் பிரிந்த கறுப்பு வார் கஸ்தூரியுடையது. நீல ரப்பர் பூக்காரி வள்ளியுடையது. குதிங்கால் ஒரு பக்கமாகத் தேய்ந்த பழுப்புச் செருப்பு ஜெசிந்தா டீச்சருடையது.

பெறகு வாரேன் என்று என்னிடம் சொன்னவர், இவ்வளவு செங்குத்தான படியில், ஆபரேஷன் செய்த உடம்போடு ஏறிப் போயிருக்கிறார்.

என்ன மருந்து வைத்தாளோ தெரியவில்லை. அந்தப் பழுப்புச் செருப்பைத் தூக்கிச் சாக்கடையில் போடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. போடவில்லை. கறிவேப்பிலையை வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தேன்.

செப்டம்பர் 11

கறிவேப்பிலை வாங்கப் போனேன்.

செப்டம்பர் 13

மறுபடியும் போனேன். இன்று செருப்புகள் தெருவரை வந்துவிட்டன.

செப்டம்பர் 20

வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது பொறுமையாகத்தான் சொன்னார். "தீபாவளி வரைக்கும் பாரு. தீபாவளிக்கும் ஓடலன்னா இந்த ஜென்மத்துல ஓடாது. ஷட்டரை எறக்கிட்டு நைட்டி கம்பெனிக்குப் போ. அங்க ஆள் எடுக்காவ."

நைட்டி கம்பெனியில் நாள் முழுக்க நேர்த் தையல். தோள்பட்டை ஒருத்தி, பக்கவாட்டு ஒருத்தி, கழுத்து ஒருத்தி. எது யார் கை என்று யாருக்கும் தெரியாது. ஒரு கைக்குழியைச் சுருக்கம் விழாமல் உட்கார வைப்பதற்கு நான் பட்ட பாடு எல்லாம் அதோடு முடிந்தது. அதற்குப் போவதைவிட விரலை மிஷினுக்குள் விட்டுக்கொள்ளலாம்.

தாயி நைட்டி கம்பெனிக்குப் போக மாட்டாள். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 2

கண்ணாடிக்குச் சீரியல் பல்பு மாட்டினேன். கடை ஜொலிக்கிறது. சொரிமுத்து கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண் ஒருத்திகூடத் திரும்பவில்லை.

அக்டோபர் 9

இன்று நடந்ததை எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் கண்ணாடிக் கதவை விரியத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, லைனிங் துணி வாங்கப் போனேன். திரும்பி வருகையில் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ரோட்டைத் தாண்ட முடியவில்லை. சொரிமுத்து கடையில் ஒதுங்கினேன். இத்தனை மாதத்தில் அங்கே கால் வைத்தது இதுதான் முதல் தடவை. எண்ணெயும் துண்டுமாக நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்கள். சொரிமுத்து ஒரு டீயைக் கையில் கொடுத்தார்.

டம்ளரோடு திரும்பி என் கடையைப் பார்த்தேன். மழையிலும் போர்டு பளிச்சென்று இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது கடைக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். அக்காக்காரியோடு வந்திருக்கிறாள், கையில் புதுப் பட்டுச் சேலை. இசக்கி நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். கரண்ட் இல்லாததால் வெளிச்சத்துக்காக அவளை ரோட்டைப் பார்த்து நிறுத்தினாள். முந்தானையை எடுக்கச் சொன்னாள். கையைத் தூக்கச் சொன்னாள். டேப்பைச் சுற்றினாள். அக்காக்காரி எழுதுவதற்காகச் சத்தமாகச் சொன்னாள்.

"மார்பு முப்பத்தாறு."

மழைச் சத்தத்தை மீறி ரோட்டைத் தாண்டி அது தெளிவாகக் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற துண்டுக்காரன், "முப்பத்தாறாம்லே" என்றான். இன்னொருவன் சிரித்தான். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்த ஆட்டோக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்கு அது பழகிப்போயிருந்தது. எத்தனையோ தடவை கேட்டதுதானே. நான்தானே ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

சொரிமுத்துவால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏ, டீயைக் குடிச்சமா போனமான்னு இருங்கய்யா" என்று அவர்களை அதட்டினார். பிறகு பாலை ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீயம்மா. நீங்க நிக்கிற எடத்துலதான் அந்த மாடிக் கடை அக்காவும் நின்னாவ. வைகாசியில. காலையில ஒருக்க, மத்தியானம் ஒருக்க, சாயங்காலம் ஒருக்க வந்து டீ குடிச்சாவ. என்னக்கா, டீ அவ்வளவு பிடிச்சிருக்கான்னு கேட்டேன். 'எங்க கடை எப்படின்னு இங்கன நின்னு பாத்தாத்தான அண்ணாச்சி தெரியும்'னாவ."

"பாயும் கூட நின்னாரா?"

"அவுகதான் பாயைக் கூட்டிட்டு வந்தாவ. 'கண்ணாடியைப் பாதிக்கு மேல மறைச்சுச் சுவர் எழுப்பித் தருவீயளா, உள்ள ஒரு அறை தடுத்துத் தருவீயளா? எங்க உலகுக்கு இந்தக் கடை மேல உசுரு'ன்னு கேட்டாவ. கண்ணாடி போட்டதே அழகுக்குத்தான், முடியாதுன்னுட்டாரு பாய். அவுகளும் போயிட்டாவ."

மழை விடவில்லை. டம்ளரை வைத்துவிட்டு நனைந்துகொண்டே ஓடினேன். வாங்கி வந்த லைனிங் துணியை விரித்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றேன். "என்ன மைனி, என்னாச்சு?" என்று இசக்கி கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. என் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு அக்காக்காரியோடு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அவள் கத்தியிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம்.

எங்க உலகுவாம். தாயி வேண்டாம் என்று விட்டுப்போன கடையை, அவளிடமிருந்து பிடுங்கிவிட்டதாக நான் இத்தனை நாள் மனம் குளிர்ந்துபோயிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 10

கடை திறக்கவில்லை. தலைவலி.

அக்டோபர் 12

கறிவேப்பிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ளாமல் நேராகவே போனேன். படியடியில் என் செருப்பையும் கழற்றிப் போட்டேன். ஏறும்போது முழங்கால் வலித்தது. டீச்சர் எப்படி ஏறுகிறாரோ.

கூடம் முழுக்கத் தீபாவளித் துணி. தாயி நடுவில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். காத்திருந்த பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, முந்தானை சரிந்ததுகூடத் தெரியாமல் வம்பளந்துகொண்டிருந்தார்கள். யார் வீட்டிலும் அடுப்பில் பால் இல்லை.

என்னைப் பார்த்ததும் தாயி எழுந்து உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கடை சரிப்படாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கப்படாதா?" என்று அழுகையோடு கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது இது.

"சொல்ல விட்டியாட்டி நீ?"

"வேற ஆள்கிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாம்ல?"

"சொல்லி விட்டா, ஒன் கடை மேல எனக்குப் பொறாமைன்னு நெனச்சிருப்ப."

நினைத்திருப்பேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் போட்டிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். பழைய பச்சை. அக்குளில் பிரிந்து, கையால் ஒட்டுப் போட்டிருந்தாள்.

"என்னட்டி இது? ஊருக்கே தைக்க, ஒனக்குப் புதுசு இல்லையா?"

"எனக்கு அளவு எடுக்கது நீதான? வேற யாருகிட்டப் போய் நான் கையைத் தூக்க?" என்றாள்.

என்னுடையதும் பழையதுதான். அந்த அறையில் ஒருவருக்கொருவர் அளவு எடுத்தோம். நான் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டு, பிறகு மூடிக்கொண்டேன். அவள் கொஞ்சம் பூசியிருக்கிறாள். கடை இப்படி ஓடினால் பூசாமல் என்ன செய்வாள். நான் இளைத்திருக்கிறேன்.

"ஊக்கு வைக்கவும் கை வேலைக்கும் ஆள் இல்லாம முழி பிதுங்குது. பொம்பளைக எல்லாம் 'தையல் முன்ன மாதிரி இல்லையே தாயி'ங்காவ. வாரியா?" என்று கேட்டாள்.

அப்படியா சொன்னார்கள்? யார் யார் சொன்னார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீடு வரும்வரை அந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 29

எழுத நேரமில்லை. தாயியோடு மாடியில் தீபாவளி வேலை. விரலெல்லாம் ஊசிக் குத்து. இசக்கியை ஊக்கு மாட்டுகிற காஜா எடுக்கப் பழக்குகிறேன்.

நவம்பர் 8

நான் காலி செய்த மைதீன் பாய் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் மஞ்சளாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். போகிற வண்டி எல்லாம் நின்று நின்று போகிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல். அந்தச் சீரியல் பல்பைக் கழற்றாமல் விட்டு வந்திருக்கக் கூடாது.

நவம்பர் 17

ஜெசிந்தா டீச்சர் மகனுக்கு அடுத்த வாரம் சர்ச்சில் கல்யாணம். டீச்சருக்கு வெளிர் நீலப் பட்டு. தாயி வெட்டி வைத்த துணியை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன்.

மார்புத் துண்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. வலது பக்கம் எப்போதும்போல வெட்டியிருந்தாள். இடது பக்கம் உள்துணி மட்டும் தட்டையாக, பஞ்சு வைத்துத் தைக்க ஓர் உறையோடு. தவறாக வெட்டிவிட்டாளோ என்று நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

அப்போதுதான் என்ன ஆபரேஷன் என்று புரிந்தது. எந்த உடம்போடு டீச்சர் என் கண்ணாடிக் கடை வாசலில் வந்து நின்றார் என்பதும், அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்பதும்.

தாயி இத்தனை நாளில் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. துணி கைக்கு வரும்வரை என்னிடமும் சொல்லவில்லை.

அந்த உறையை மிஷினில் தைக்கவில்லை. தையல் விளிம்பு தழும்பில் உரசிவிடக் கூடாதே. மெல்லிய மல் துணி வைத்து, கையாலேயே, முடிச்சு எல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்தேன். மூன்று தடவை பிரித்தேன்.

நவம்பர் 20

டீச்சர் வந்தார். உள் அறைக்குள் போய்ப் போட்டுப் பார்த்தார். கதவு திறக்க வெகு நேரமாயிற்று.

வெளியே வந்தபோது சால்வை இல்லை. அதைக் கையில் மடித்து வைத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. நேராகத் தாயியிடம் போய் அவள் கன்னத்தைப் பிடித்தார்.

"எங்கயும் உறுத்தலை தாயி. போட்டதே தெரியலை. என் மகன் கல்யாணத்துல நான் நிமிந்து நிப்பேன். ஒன் கைக்கு என்ன செய்யன்னே தெரியலை."

அவள் கைக்காம். நான் ஊக்கு டப்பாவைக் கிளறிக்கொண்டே குனிந்துகொண்டேன். மூன்று தடவை பிரித்துத் தைத்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கன்னம் மட்டும் அவளுடையது.

தாயி டீச்சரின் கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "நான் வெட்டுனதோட சரி டீச்சர். உறுத்தாதது உலகு கை. அவ ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தச்சுட்டு வந்தா."

டீச்சர் என்னிடம் வந்தார். என் ஊசிக் குத்து விரலை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதினாறு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். கிடைத்துவிட்டது.

ஆனாலும் இப்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். டீச்சருக்குத் தெரியவே போவதில்லை. நானாக இருந்திருந்தால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அவளுக்கு மட்டும் எப்படி ஒரு நொடியில் அப்படிச் சொல்ல வருகிறது? வயிறு எரிகிறது. இதில் அவளை எப்படி முந்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாடிக் கடைச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது. நாளைக்கு அவள் வருவதற்குள் போய்க் கடையைத் திறந்து பெருக்கி வைத்துவிட வேண்டும்.